கொம்புக்கால் குறிப்புகள்

ஜாசின் பக்கத்து எங்கள் தோட்டத்தில் இப்போது லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. கண்ணுக்கெட்டிய வரைக்கும் செம்பனை. பழைய ஆட்கள் மலாக்கா டவுன், ஆயர் குரோ, சிரம்பான், கிள்ளான் என்று சிதறிவிட்டார்கள். எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் திடலில் கூட்டிவைத்து, சோறு போட்டு, கையில் ஒரு நினைவு மலரும் கொடுப்பதென்று முடிவாயிற்று. பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்யும் வேலை ஓய்வுபெற்ற வாத்தியாரான என் தலையில் விழுந்தது.

பட்டியல் முடிந்ததும் அகரவரிசைப்படுத்தச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். கௌரி என்று எங்கள் தோட்டத்தில் மூன்று பேர். மூன்று பேரும் மூன்று இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர் கலாவுக்குக் கீழே, காளியம்மாவுக்கு மேலே. இன்னொருவர் கைலாசத்துக்கு முன்னால். மூன்றாமவர் கோவிந்தம்மாவையும் தாண்டிப் பின்வரிசையில்.

பக்கத்துப் பக்கத்து லயத்தில் இருந்தவர்கள் அவர்கள். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் ஒரே பெரட்டுக்குப் போனவர்கள்.

*

கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முதலாமவர் கவுரி. அது அவர் வீட்டு வழக்கம், பிறகு சொல்கிறேன். மற்ற இருவர் இப்படி: கெளரி, கௌரி.

நன்றாகப் பாருங்கள். நீங்கள் படிக்கும் எழுத்துருவைப் பொறுத்து, இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். முன்னதில் இருப்பது கெ, ள, ரி. மூன்று எழுத்து. பின்னதில் கௌ, ரி. இரண்டே எழுத்து. முதல் நாள் கணினியில் தட்டியதில் ளகரம் வந்திருக்கிறது, மறுநாள் கைப்பேசியில் தட்டியதில் ஔகாரம் வந்திருக்கிறது. குற்றவாளி நான்தான். இத்தனைக்கும் எத்தனையோ வருஷம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஔவையார் படத்தைக் காட்டி 'ஔ' சொல்லிக்கொடுத்தவன்.

*

அரிச்சுவடிக்காரர்கள் ஒவ்வொரு குறிக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். கெ-வுக்கு ஒற்றைக்கொம்பு. கே-வுக்கு இரட்டைக்கொம்பு. கை-க்கு இணைக்கொம்பு. கா-வுக்குக் கால். கௌ-வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கொம்புக்கால்.

அந்தக் கொம்புக்கால்தான் வம்பு. பார்வைக்கு அச்சு அசலாக ளகரம். கரும்பலகையில் நான் எழுதியதும் ளகரத்தைத்தான். சுண்ணக்கட்டிக்கு இரண்டும் ஒன்று. படிக்கிற பிள்ளைக்கும் குழப்பமில்லை: 'கௌரி' என்று பார்த்தால் அது வாயைக் குவித்துச் சரியாகவே படித்துவிடும். மனிதக் கண் உருவத்தைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, பழக்கத்தில் படிக்கிறது. பல நூற்றாண்டு இப்படியே காலம் ஓடிவிட்டது. இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்கவேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை.

கணினி வந்து கேட்டது.

*

கணினிக்கு எழுத்து கிடையாது, எண்தான். யூனிகோடு என்ற உலகப் பொதுக்குறியீட்டில் தமிழுக்கு 128 இடம். முதல் பதிப்பு வந்த 1991 முதலே தமிழ் அதில் இருக்கிறது. நம் வீட்டுக் கணக்கில், அதாவது பதின்ம எண்ணில் சொன்னால், க என்பது 2965. ஒற்றைக்கொம்பு 3014. ள என்பது 2995. ஔகாரக் குறி முழுசாக 3020.

ஆக, கௌ என்றால் 2965, 3020. கெள என்றால் 2965, 3014, 2995. எண்களை இப்படி அடுக்கிப் பார்த்த பிறகு, இரண்டும் ஒன்றாகத் தெரிவது கண்ணின் தவறு என்றே தோன்றுகிறது. பட்டியலில் ஒரு கௌரி கைலாசத்துக்கு முன்னாலும் ஒரு கௌரி கோவிந்தம்மாவுக்குப் பின்னாலும் போனதன் காரணம் இவ்வளவுதான். கொம்பு 3014, ஐகாரம் 3016, ஓகாரம் 3019, ஔகாரம் 3020. வரிசையில் அவரவர் எண்ணுக்கு அவரவர் இடம்.

தேடலும் அப்படியே. 'கௌரி' என்று தேடினால் எளிய மென்பொருள் 'கெளரி'யைக் காட்டாது. பார்வையற்றவர்களுக்காகத் திரையைப் படித்துக்காட்டும் குரல் என்ன செய்யும்? எழுதியிருப்பதைப் படிக்கும். கெ-ள-ரி.

*

குறியீடு வகுத்தவர்கள் கொம்புக்காலை மறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதற்கென்று தனியாக ஓர் எண் உண்டு: 3031. கொம்பும் கொம்புக்காலும் தனித்தனியே வந்தாலும், அதாவது 3014-உம் 3031-உம் அடுத்தடுத்து நின்றாலும், அது 3020-க்குச் சமம் என்று தரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒகரத்துக்கும் அதே ஏற்பாடு. கொம்பும் காலும் தனித்தனியே, 3014-உம் 3006-உம் வந்தால், அது 3018 என்ற ஒகரக் குறிக்குச் சமம். ஒழுங்கான மென்பொருள் தானே சேர்த்துக்கொள்ளும்.

ளகரத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. கொடுக்கவும் முடியாது. அது ஊரறிந்த மெய்யெழுத்து. வெளி, தெளிவு, கெளிறு என்று அதற்குச் சொந்த வேலை நிறைய இருக்கிறது. கொம்புக்கால் மாதிரி இருக்கிறாய் என்பதற்காக அதை வேறொரு வீட்டுக்குப் பிள்ளையாக எழுதிக்கொடுக்க முடியுமா?

*

பக்கத்து வீட்டு எழுத்துகளையும் எட்டிப் பார்த்தேன்.

சிங்களத்தில் இந்தக் கொம்புக்குப் பெயரே 'கொம்புவ'. நம் சொல்தான். ஔகாரத்துக்கு அவர்களும் எழுத்துக்கு இடப்பக்கம் கொம்புவ போட்டு வலப்பக்கம் ஒரு வளைவு போடுகிறார்கள். வளைவின் பெயர் கயனுகித்த. யூனிகோட்டுக்குள் சிங்களம் வந்தது 1999-இல், மூன்றாம் பதிப்பில். அங்கே கொம்புவ 3545, கயனுகித்த 3551, இரண்டும் சேர்ந்த ஔகாரக் குறி 3550.

இதில் ஒரு சுவாரசியம். கயனுகித்தவுக்கு இரட்டை வேலை. வடமொழியில் இருக்கிற, சிங்களத்தில் அபூர்வமாகவே எழுதப்படுகிற ஓர் உயிரின் குறி அதுதான். ஔகாரத்தின் வலப்பாதியும் அதுதான். ஒரே உருவம், இரண்டு வேலை, ஒரே எண். நமக்கோ ஒரே உருவம், இரண்டு வேலை, இரண்டு எண். அவர்களுக்கு இரண்டு வேலையும் உயிர்க்குறி வேலை, அதனால் ஓர் எண் போதும். நமக்கு ஒன்று மெய், ஒன்று உயிர்க்குறி. ஒன்றாகச் சேர்த்திருந்தால் உயிரும் மெய்யும் ஒன்று என்று சொன்னதாகிவிடும்.

மலையாளிகள் வேறு வழி கண்டார்கள். இன்றைய மலையாளத்தில் ஔகாரத்துக்கு இடக்கொம்பை விட்டுவிட்டு வலப்பாதியை மட்டும் எழுதுகிறார்கள். சுமை பாதியாகக் குறைந்தது.

*

கொம்புக்காலுக்கு ளகரம் தட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? தட்டச்சுப் பொறியிலிருந்து என்று நினைக்கிறேன். பொறியில் கை எழுதும் வரிசைதான்: முதலில் கொம்பு, பிறகு எழுத்து. சிங்களத்தின் விஜேசேகர விசைப்பலகையிலும் கொம்புவதான் முந்தும்.

கணினி வந்தபிறகும் நாங்கள் அதே வரிசையில்தான் தட்டினோம். இணையத்தில் தொண்ணூறுகளின் கடைசியில் பலர் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி குறியீட்டிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் பதிவாகும். யூனிகோடு அதைத் திருப்பிப்போட்டது. வாய் சொல்லும் வரிசை அதற்கு: முதலில் க, பிறகு குறி. திரையில் கொம்பு இடப்பக்கம் போய் நிற்பது எழுத்துருவின் வேலை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இன்னொரு சிக்கல். அதில் கொம்புக்காலுக்குத் தனி விசை இல்லை. ளகர விசையையே தட்டவேண்டும். பள்ளி அறிக்கை, கோயில் அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை என்று எத்தனை பக்கம் அதில் அடித்தோம். அப்போது விரலுக்குப் பதிந்துபோன பழக்கம், யூனிகோடு வந்து இத்தனை வருஷம் ஆகியும் போகவில்லை.

*

பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றித்தரும் கருவிகள் உண்டு. எங்கள் மலருக்கு ஒரு பழைய ஆண்டறிக்கையைப் போட்டு மாற்றினேன். 'வெளியீடு' என்பது 'வௌியீடு' என்று வந்தது. 'தெளிவு' என்பது 'தௌிவு'.

கருவியின்மேல் கோபம் வந்தது. யோசித்தால் அதுவும் பாவம்தான். கொம்பு, வ, ள என்று மூன்றைப் பார்த்ததும் 'ஆகா, ஔகாரம்' என்று பாய்ந்து சேர்த்துவிட்டது. பின்னாலேயே வந்த இகரக் குறிக்கு ஒட்டிக்கொள்ள எழுத்தில்லை. சில திரைகளில் அது ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். நான் ஔகாரத்தை ளகரமாக்கினேன். கருவி ளகரத்தை ஔகாரமாக்கியது. பழிக்குப் பழி.

*

சரி, விதி ஒன்று எழுதித் திருத்திவிடலாமே என்றான் பேரன். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான். 'தாத்தா, ளகரத்துக்குப் பின்னாடி புள்ளியோ வேற குறியோ வந்தா அது நிஜ ள. ஒண்ணும் வராம மொட்டையா இருந்தா அது கொம்புக்கால். சிம்பிள்லா.'

கெட்டிக்காரத்தனமான விதி. வெளி, தெளிவு, வெள்ளை எல்லாம் தப்பித்தன. கெளரி கௌரியானார். மெளனம் மௌனமானது. பெளர்ணமி, வெளவால், செளக்கியம் எல்லாம் திருந்தின. இருவரும் காப்பி குடித்தோம்.

பிறகு மலரின் நடுப்பக்கத்துக்கு வந்தோம். பழைய கங்காணி ஒருவர் சொல்லச்சொல்ல நான் எழுதிய தோட்டத்து நினைவுகள். அவர் பேச்சு மாறாமல் எழுதியிருந்தேன். விதி அங்கேயும் புகுந்து வேலை செய்திருந்தது.

'விடியக்காலையில கௌம்பிடுவோம்.' 'வௌக்கு வச்சாத்தான் வீடு.' 'பிள்ளைங்க வௌயாட ஆயாக்கொட்டாய்க்குப் பக்கத்துல எடம்.'

கிளம்பு பேச்சில் கெளம்பு. விளக்கு வெளக்கு. விளையாடு வெளயாடு. அத்தனையிலும் கொம்பு, எழுத்து, மொட்டை ளகரம். எழுத்துத் தமிழுக்குச் சரியாக இருந்த விதி பேச்சுத் தமிழில் கால் வைத்ததும் வழுக்கிவிட்டது. பேரன் சிரித்தான். 'தாத்தா, இதுக்கு அகராதிதான் வேணும்' என்றான். அகராதியில் கெளம்பு இருக்காதடா என்றேன். வட்டார வழக்கு அகராதியில் தேடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

*

இந்த ஔகாரமே வேண்டாம் என்றவர்களும் உண்டு. பெரியார் 1935-இல் தம் இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். ஐகாரத்தை அய் என்றும் ஔகாரத்தை அவ் என்றும் எழுதினால் இரண்டு குறி மிச்சம் என்பது அவர் கட்சி. 1978-இல் தமிழ்நாட்டு அரசு சீர்திருத்த எழுத்தை ஆணையாக்கியபோது ணை, லை, னா, றா போன்றவற்றின் பழைய உருவங்கள் போயின. ஐயும் ஔவும் தப்பின.

பெரியார் மலாயாவுக்கு 1929 கடைசியிலும் 1954-இலும் வந்தார். அந்த அலை தோட்டங்களுக்குள்ளும் அடித்தது. எங்கள் முதல் கவுரியின் அப்பா அந்தக் கூட்டம். மகளுக்குச் சாமி பெயரைத்தான் வைக்க வேண்டியிருந்தது, பாட்டி பிடிவாதம். எழுத்திலாவது தன் கொள்கையைக் காப்போம் என்று 'கவுரி' என்று எழுதினார். அதைத் திருத்த நான் யார்?

தொல்காப்பியரும் அகரமும் உகரமும் சேர்ந்து ஔகாரமாகும் என்றுதான் சொல்கிறார். அவர் சொல்லும் இன்னொன்றும் உண்டு: சொல்லின் கடைசியில் ஔகாரம் ககரத்தோடும் வகரத்தோடும்தான் வரும். கௌ, வௌ. ஒன்றுக்குப் பற்றிக்கொள் என்று பொருள், மற்றதற்குப் பறித்துக்கொள் என்று பொருள். இந்தக் குறியின் குணம் அன்றே தெரிந்திருக்கிறது.

*

பெயர் சிதைவது எங்களுக்குப் புதிதில்லை; ரப்பர் காலத்திலிருந்தே உண்டு. டான் சே யான் என்பவர் 1896-இல் இந்த மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் போட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர் அதுதான். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில். தோட்டங்கள் பெருகி ஆட்கள் வந்து இறங்கியதும் பெயரை எழுதுவது தோட்டத்து எழுத்தரான கிராணியின் வேலையாயிற்று. காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் எழுதுவார். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் ரோமன்தான். ஒரு கௌரி 'ஜி, ஓ, டபிள்யூ'. இன்னொருவர் 'கே, ஓ, யூ'. ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் அப்பா பெயர் இரண்டு அட்டையில் இரண்டு விதமாக இருப்பதைப் பள்ளிச் சேர்க்கை நாளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அது பிறர் கையில் நடந்தது, பிறர் எழுத்தில் நடந்தது. இது நம் கையில், நம் எழுத்தில் நடக்கிறது.

*

மலாக்காவில் காஜா பேராங் பக்கம் போகும்போதெல்லாம் சிட்டி மக்களின் கிராமத்தை எட்டிப் பார்ப்பேன். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் மலாய், தமிழ் எழுத்து பல தலைமுறைக்கு முன்பே அவர்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டது. ஆனால் தாய்வநாயகம் சிட்டி 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்கள் பொறுப்பில். போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படைக்கும் பார்ச்சு என்ற சடங்கும் போகவில்லை. எழுத்தில்லாமலும் ஒரு கூட்டம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்பதற்கு அவர்கள் சாட்சி. எழுத்து கையில் இருந்தும் அதைக் கவனிக்காமல் விட நமக்கு என்ன சாக்கு?

*

நம் பங்கு பெரிசு என்பதையும் குறித்துவைக்கவேண்டும். கணினியில் தமிழ் என்பது சென்னையில் மட்டும் நடந்த கதையில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார்; பிறகு அது முரசு அஞ்சலாயிற்று. கைப்பேசிக்குச் செல்லினம் 2005-இல் வந்தது. உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில் நடந்தது. ஔகாரத்தைச் சரியாகத் தட்ட வழியில்லாமல் நாம் தவிக்கவில்லை.

வழி இதுதான். தமிழ்99 விசைப்பலகையில் ஔகாரத்துக்குத் தனி விசை உண்டு: கீழ்வரிசையில் இடக்கோடியில், ஆங்கில ஸெட் இருக்கும் இடம். க தட்டி அதைத் தட்டினால் கௌ. இரண்டே தட்டு. நான் தட்டிய கெள-வுக்கு மூன்று தட்டு: க, எ, ள. ரோமன் எழுத்தில் தட்டும் அஞ்சல் முறையில் ஏயும் யூவும் சேர்ந்தால் ஔ. தப்பாகத் தட்டுவதற்குத்தான் உழைப்பு அதிகம்.

*

இரண்டாவது கௌரியை டுரியான் துங்கலில் அவர் மகள் வீட்டில் போய்ப் பார்த்தேன். பால்வெட்டில் இருந்தவர். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. 'அக்கா, உங்க பேர உங்க கையால ஒருமுறை எழுதிக் காட்டுங்க' என்றேன்.

'எதுக்கு சார், கையெழுத்துப் போட்டே நாளாச்சு' என்று சிரித்தார். பேத்தியின் பென்சிலை வாங்கினார். முதலில் கொம்பு. கொம்பைச் சுழித்து முடித்து, ஒரு மூச்சு நின்று, க. பிறகு கொம்புக்கால். அதை ளகரம் அளவுக்குப் போடவில்லை. கொஞ்சம் சின்னதாக, ககரத்தோடு ஒட்டினாற்போல. அப்புறம் இடம்விட்டு ரி.

'ஏன்க்கா அதச் சின்னதாப் போட்டீங்க?'

'அது ளா இல்லீங்களே சார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல எங்க வாத்தியாரு அடிச்சுச் சொல்லிக்குடுத்தாரு. பெருசாப் போட்டா பேரு மாறிடும்னாரு.'

மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர் அவர். யூனிகோடு 3031 என்ற எண்ணை ஒதுக்குவதற்குப் பல வருஷம் முன்பே அந்த வித்தியாசம் அவர் விரலில் இருந்திருக்கிறது. அந்தத் தாளை வாங்கி வந்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

*

அச்சுக்குப் போகுமுன் பட்டியல் முழுக்க மறுபடி தேடினேன். கொம்பும் மொட்டை ளகரமும் சேர்ந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, கையால் திருத்தினேன். கௌரி, கௌசல்யா, சௌந்தரி, மௌனசாமி. கட்டுரைத் தலைப்பொன்றில் 'ஒளவையார்' என்று ஒகரமும் ளகரமுமாக நின்றுகொண்டிருந்த பாட்டியையும் ஔவையார் ஆக்கினேன். கங்காணியின் கெளம்பு கெளம்பாகவே இருக்கிறது. கவுரி கவுரியாகவே இருக்கிறார். மற்ற இரண்டு கௌரிகளும் இப்போது அடுத்தடுத்த வரியில்.

கோயில் நன்கொடைப் பலகை, பள்ளி மலர், கல்யாணப் பத்திரிகை எது அடித்தாலும், அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஔகாரம் உள்ள பெயர் ஒன்றை எடுத்து, அதில் பின்னழிப்பு விசையை மெல்ல ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கொம்பு நிற்க, வலப்பக்கத்து வால் மட்டும் தனியாகக் கழன்று விழுந்தால் அது பெரும்பாலும் ளகரம். அதை எடுத்துவிட்டு ஔகாரத்தைப் போடுங்கள்.